கொடுத்த முன்பணம் திரும்புமா?
(பழைய வண்டி வாங்கும் ஒப்பந்தத்தை முறிப்பது பற்றிய சட்ட விளக்கம்)

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (கணிதம்) மாணவி

முன்னுரை

நாம் நாள்தோறும் எத்தனையோ ஒப்பந்தங்களைச் செய்துகொள்கிறோம். பேருந்தில் பயணச்சீட்டு வாங்குவதும் ஒப்பந்தமே. வாடகைக்குச் சைக்கிள் எடுப்பதும் ஒப்பந்தமே. அவை நல்லபடியாக முடிந்துவிடுவதால் சட்டத்தைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. பெரிய தொகைக்கு ஒரு பொருளைப் பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டு, "இது வேண்டாம்" என்று சொல்ல நேரும்போதுதான் நாம் திகைத்து நிற்கிறோம். "கொடுத்த பணம் திரும்பாது" என்று கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் அதுவே சட்டம் என்று எண்ணித் திரும்பிவிடுகிறோம்.

கணிதம் பயிலும் மாணவிக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியே என்னை இதைப் படிக்க வைத்தது. நம் கல்லூரி மாணவ மாணவியர் பலருடைய வீடுகளில் இத்தகைய சீட்டுகளைப் படித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாமே. ஆகவே நான் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

என் தந்தை இருபது ஆண்டுகளாகப் பிறருடைய வண்டியை ஓட்டி வருபவர். விடியற்காலையில் காய்கறி ஏற்றிச் சந்தையில் இறக்குவது அவர் தொழில். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மக்கள் "குட்டி யானை" என்று சொல்லும் சிறு சரக்கு வண்டி ஒன்று, பழைய வண்டிகளை விற்கும் ஓர் ஆட்டோ கன்சல்டிங் கடையில் நிற்பதாகத் தகவல் வந்தது. விலை ரூ. 2,60,000 என்று பேசி முடித்தார்கள். ஆனி மாதம் முடியும் தறுவாய். ஆடி பிறப்பதற்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் அவசரம். ஞாயிற்றுக்கிழமை ரூ. 10,000 அச்சாரமாகவும், அம்மாவின் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துப் புதன்கிழமை ரூ. 30,000 முன்பணமாகவும் அப்பா கொடுத்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை இரவு அந்தச் சீட்டை என்னிடம் காட்டினார். வண்டி எண், "2018 மாடல், பைனான்ஸ் கிளியர்", விலை, இரண்டு வரவுகள் ஆகியவை கையால் எழுதப்பட்டிருந்தன. அடியில் சிறிய ஆங்கில எழுத்தில், முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று அச்சிட்டிருந்தது. அதன் கீழ் அப்பாவின் கையெழுத்து. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்; ஆங்கிலம் தெரியாது. படித்துக் காட்டியவர் யாரும் இல்லை.

அரசின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். வண்டி 2014இல் பதிவானது. அதன் மேல் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பதிவு இன்னும் நீக்கப்படவில்லை. மறுநாள் அப்பா கடைக்குச் சென்று கேட்டார். "பார்த்துத்தானே அண்ணே பேசினீங்க? வேண்டாம்னா உங்க இஷ்டம். பணம் வராது, சீட்டுலயே போட்டிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான்கு ஆண்டு வித்தியாசம் சிறியது அன்று. சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., எடுத்தால் போதும். அதற்கு மேல் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். கடன் தீராத வண்டியை நிதி நிறுவனத்தின் சம்மதமின்றி நம் பெயருக்கு மாற்றவும் முடியாது. இனி சட்டம் என்ன சொல்கிறது என்று காண்போம்.

ஒப்பந்தம் எப்போது பிறக்கிறது?

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இன்றும் அதுவே அடிப்படை. ஒருவர் ஒரு பேச்சை முன்வைக்க, மற்றவர் அதை ஏற்க, இரு பக்கமும் ஏதேனும் கைமாற்றாகத் தர இசைந்தால் ஒப்பந்தம் பிறந்துவிடுகிறது. முத்திரைத்தாள் இல்லை, வாய்ப்பேச்சுதான் என்பதால் வண்டி வியாபாரம் செல்லாமல் போகாது. படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று சொல்வதும் பொதுவாகத் தப்பும் வழி ஆகாது. எனவே முன்பணம் கொடுத்த நிமிடமே நாம் கட்டுப்பட்டவர்கள் ஆகிறோம். ஆனால் விற்பவரும் அதே நிமிடம் கட்டுப்பட்டவரே. இதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

வாங்கியபின் சில நாட்கள் யோசித்து, காரணம் எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கும் பொதுவான உரிமை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. ஆயுள் காப்பீடு போன்ற சிலவற்றுக்குத் தனி விதிகளால் அத்தகைய அவகாசம் உண்டு; வண்டிக்கு இல்லை. ஆகவே "வேண்டாம்" என்று சொல்லும்முன் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். நம் மனம் மாறியதா, அல்லது அவர் சொன்ன சொல் பொய்த்ததா? விடை எதுவோ அதைப் பொறுத்தே பணம் திரும்பும்.

மனம் மாறினால்

முதலில் மனம் மாறியவரின் நிலையைப் பார்ப்போம். வண்டியில் குறை இல்லை. விற்பவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் திடீரென்று ஒரு செலவு வந்துவிட்டது, அல்லது வேறிடத்தில் மலிவாகக் கிடைத்தது. இந்நிலையில் ஒப்பந்தத்தை மீறுபவர் நாமே. ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி விற்பவருக்கு நேர்ந்த நட்டத்தை நாம் ஈடு செய்ய வேண்டும்.

ஆனால் எவ்வளவு நட்டம்? 74ஆம் பிரிவு இதற்கு வரம்பு கட்டுகிறது. சீட்டில் எந்தத் தொகை எழுதியிருந்தாலும், நீதிமன்றம் நியாயமான ஈட்டையே வழங்கும். எழுதிய தொகை அதற்கு உச்ச வரம்பே ஆகும். 1963இல் பதேசந்து எதிர் பாலகிஷன் தாஸ் வழக்கிலும், 1969இல் மௌலா பக்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. நட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டக்கூடிய இடத்தில், அதைக் காட்டாமல் வைப்புத் தொகை முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியாது என்பது மௌலா பக்ஸ் தீர்ப்பின் சாரம்.

இங்கே அச்சாரம், முன்பணம் என்ற இரண்டு சொற்களின் வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். நாம் பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம்; சட்டம் பிரித்துப் பார்க்கிறது. பேச்சை உறுதி செய்வதற்கு அடையாளமாகக் கொடுப்பது அச்சாரம். வாங்குபவரின் தவறால் வியாபாரம் முறிந்தால், நியாயமான அளவுள்ள அச்சாரத்தை விற்பவர் வைத்துக்கொள்ளலாம். ஸ்ரீ ஹனுமான் காட்டன் மில்ஸ் வழக்கில் 1969இல் உச்ச நீதிமன்றம் இவ்வாறு தீர்ப்பளித்தது. விலையின் ஒரு பகுதியை முன்கூட்டிக் கொடுப்பது முன்பணம். அச்சாரம் அல்லாத அந்தத் தொகையை அச்சாரம் போலப் பறிமுதல் செய்ய முடியாது. 2012இல் முடிவான சதீஷ் பத்ரா எதிர் சுதீர் ராவல் வழக்கிலும் இந்த வேறுபாடு பேசப்பட்டது. எங்கள் சீட்டில் ரூ. 10,000க்கு நேரே "அச்சாரம்" என்றும், ரூ. 30,000க்கு நேரே "முன்பணம்" என்றும் கடைக்காரரே எழுதியிருந்தார். அப்பாவின் மனம் மாறியிருந்தால்கூட அந்த முப்பதாயிரத்தைக் கேட்பதற்கு வழி இருந்தது.

எனவே மனம் மாறியவர் வெட்கப்பட்டு ஓடி ஒளிய வேண்டியதில்லை. உடனே எழுத்தில் தெரிவித்து, வண்டியை வேறொருவருக்கு விற்றுக்கொள்ளுமாறு கூறி, நியாயமான கழிவு போக மீதியைக் கேட்கலாம். எவ்வளவு விரைவில் தெரிவிக்கிறோமோ அவ்வளவுக்கு விற்பவரின் நட்டம் குறையும். நமக்குத் திரும்புவது கூடும்.

சொன்ன சொல் பொய்த்தால்

இரண்டாம் நிலை முற்றிலும் வேறு. ஒப்பந்தம் செல்ல வேண்டுமானால் சம்மதம் சுதந்திரமானதாக இருக்க வேண்டும். மோசடியாலோ, தவறான எடுத்துரைப்பாலோ பெற்ற சம்மதம் சுதந்திரமானது அன்று. 17, 18ஆம் பிரிவுகள் இவ்விரண்டையும் விளக்குகின்றன. பொய் என்று தெரிந்தே சொல்வது மோசடி. உண்மை என்று நம்பித் தவறாகச் சொல்வது தவறான எடுத்துரைப்பு. 19ஆம் பிரிவின்படி, ஏமாந்தவர் விரும்பினால் அந்த ஒப்பந்தத்தை முறித்துவிடலாம். முறித்தபின் 64ஆம் பிரிவின்படி அவரவர் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும். முறையாக முறித்தவர் தமக்கு நேர்ந்த நட்டத்துக்கும் ஈடு கேட்கலாம் என்கிறது 75ஆம் பிரிவு.

"பார்த்துத்தானே பேசினீங்க" என்ற கேள்வியை இங்கே எடுத்துக்கொள்வோம். அதற்கும் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. சாதாரணக் கவனம் செலுத்தினாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், சில இனங்களில் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது என்று 19ஆம் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் அது தவறான எடுத்துரைப்புக்கும், வாய் திறவாமல் மறைத்ததற்கும் உரியது. தெரிந்தே பொய்யை எழுதிக் கொடுத்தவர் அதன் பின்னால் ஒளிய முடியாது. ஆர்.சி. புத்தகம் கடைக்காரரின் கையில் இருந்தது. அதில் 2014 என்று இருக்க, சீட்டில் 2018 என்று அவரே எழுதினார்.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. ஒரு பொருளை இன்னது என்று விவரித்து விற்றால், பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 15ஆம் பிரிவு. இது நிபந்தனை எனப்படும். நிபந்தனை மீறப்பட்டால் பொருளை மறுத்து ஒப்பந்தத்தை விலக்கலாம். உத்தரவாதம் என்பது அதைவிடச் சிறியது. அது மீறப்பட்டால் நட்ட ஈடு கேட்கலாமே தவிர, பொருளை மறுக்க முடியாது. வாங்குபவருக்குத் தெரிவிக்கப்படாத கடன் பொருளின் மேல் இருக்கக் கூடாது என்பது 14ஆம் பிரிவு தரும் உத்தரவாதம்.

ஆக, எங்களைக் கட்டுவதற்காக எழுதிய சீட்டே கடைக்காரரையும் கட்டியது. "திருப்பித் தரப்படாது" என்ற வரிக்கு மேலேயே "2018 மாடல், பைனான்ஸ் கிளியர்" என்ற வரி இருந்தது. மோசடியால் ஒப்பந்தமே முறிந்துபோனால், அதற்குள் இருக்கும் ஒரு வரி மட்டும் எப்படித் தனித்து நிற்கும்?

வாங்குவோனே விழித்திரு

சட்டம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணிவிடவும் கூடாது. "வாங்குவோனே விழித்திரு" என்பது விற்பனைச் சட்டத்தின் பழைய கொள்கை. 16ஆம் பிரிவு இதைச் சொல்லிவிட்டுச் சில விலக்குகளையும் தருகிறது. நாம் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்குப் பிறகு விற்பவரைக் குறை கூற முடியாது. பழைய வண்டியில் பழமைக்குரிய தேய்மானம் இருக்கத்தான் செய்யும். டயர் தேய்ந்திருக்கிறது, பெயின்ட் போயிருக்கிறது என்று பிறகு சொல்வதில் பயனில்லை.

வண்டியை எடுத்துவிட்டால் நிலைமை இன்னும் இறுகுகிறது. சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை நாம் ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்பது 41ஆம் பிரிவு. ஆனால் குறை தெரிந்தபின்பும் வண்டியைச் சொந்தமாக ஓட்டிக்கொண்டிருந்தாலோ, நியாயமான காலம் கடந்தும் வாய் திறவாமல் இருந்தாலோ, ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும் என்கிறது 42ஆம் பிரிவு. அதன்பின் வண்டியை மறுக்கும் உரிமை பொதுவாகப் போய்விடும்; நட்ட ஈடு மட்டுமே மிஞ்சும். ஆகவே குறை தெரிந்த அன்றே ஓட்டுவதை நிறுத்த வேண்டும். மறுத்த பொருளை நாமே கொண்டுபோய் விட வேண்டிய கடமையும் பொதுவாக இல்லை. மறுத்ததைத் தெரிவித்தால் போதும் என்பது 43ஆம் பிரிவு.

பணம் கொடுக்கும்முன் பார்க்க வேண்டியவை நான்கு:

1. ஆர்.சி. புத்தகத்தின் அசல். அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும்.

2. செயலியில் பதிவு நாள், எஃப்.சி., இன்சூரன்ஸ், கடன் பதிவு. கடன் இருந்தால், அது தீர்ந்ததற்கான படிவம் 35 கிடைக்காமல் முழுப் பணமும் கொடுக்கக் கூடாது.

3. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் பதிவு உரிமையாளரின் கையெழுத்து.

4. கடைக்காரரின் அனுமதிச் சான்று. பழைய வண்டி விற்பவர்கள் பதிவு அலுவலரிடம் அனுமதிச் சான்று பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் திருத்தம் வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இவற்றைப் பார்க்க அரை மணி நேரம் போதும். நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கையும் உடன் அழைத்துச் செல்வது நலம்.

முறிக்கும் முறை

வாய்ப்பேச்சாக "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தால் நாளை அதற்குச் சாட்சி இருக்காது. எனவே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நானும் அம்மாவும் சென்றோம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உடையோர் முதலியோருக்கு அங்கே சட்ட உதவி இலவசம். நான் எழுதிச் சென்ற நான்கு பக்கக் கடிதத்தை அங்கிருந்த வழக்கறிஞர் ஒரு பக்கமாகச் சுருக்கினார். "கோபத்தையெல்லாம் எடுத்துவிட்டு, தேதியையும் தொகையையும் மட்டும் வை அம்மா" என்றார். அந்தக் கடிதத்தின் வடிவம் வருமாறு:

"ஐயா, தங்கள் கடையில் இன்ன எண்ணுள்ள சரக்கு வண்டியை ரூ. 2,60,000க்கு வாங்கப் பேசி, இன்ன தேதிகளில் ரூ. 10,000, ரூ. 30,000 ஆக மொத்தம் ரூ. 40,000 செலுத்தினேன். தாங்கள் அளித்த சீட்டில் வண்டி 2018 மாடல் என்றும் கடன் தீர்ந்தது என்றும் எழுதியுள்ளீர்கள். அரசுப் பதிவின்படி வண்டி 2014இல் பதிவானது. கடன் பதிவும் நீக்கப்படவில்லை. தாங்கள் கூறியதை நம்பியே பணம் செலுத்தினேன். ஆகவே இக்கடிதத்தின் வாயிலாக ஒப்பந்தத்தை முறிக்கிறேன். இது கிடைத்த 15 நாட்களுக்குள் ரூ. 40,000ஐத் திருப்பித் தரக் கோருகிறேன். தவறினால் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். சீட்டின் நகலும் பதிவு விவரமும் இணைத்துள்ளேன்."

அப்பா கையெழுத்திட்டார். இம்முறை ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபின்பே பேனாவை எடுத்தார். கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றையும் வைத்துக்கொண்டோம். வாட்சப்பில் வந்த செய்திகளை அழிக்கவில்லை. மின்னணுப் பதிவுகளையும் சட்டம் உரிய முறைப்படி சாட்சியமாக ஏற்கிறது.

ஒரு செய்தியை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். வண்டிக்காக நிதி நிறுவனத்தில் கடன் பத்திரத்திலும் கையெழுத்திட்டிருந்தால், அது தனி ஒப்பந்தம். கடைக்காரருக்கு எழுதினால் மட்டும் போதாது. அன்றே நிதி நிறுவனத்துக்கும் எழுதிக் கடன் தொகையை வெளியிட வேண்டாம் என்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி இல்லாமலே டியூ கட்ட நேரும்.

நுகர்வோர் ஆணையம்

கடிதத்துக்குப் பதில் இல்லை என்றால் அடுத்த வழி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பொருளுக்கு நாம் கொடுத்த தொகை ரூ. 50 லட்சத்துக்கு உட்பட்டால் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ரூ. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கடை வெளியூரில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். இது புதிய சட்டம் தந்த பெரும் வசதி. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

சரக்கு வண்டி தொழிலுக்கு அல்லவா, வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் ஆவாரா என்ற ஐயம் எழலாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கித் தாமே பயன்படுத்துபவர் நுகர்வோரே என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 1995இல் லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்காக ஆட்டோ ரிக்‌ஷா வாங்கித் தாமே ஓட்டுபவரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறியது. ஆள் வைத்து ஓட்டுவதற்காக மட்டும் வாங்குபவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

வழக்குத் தொடுக்கும்முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அவர்கள் கடைக்காரருக்குத் தெரிவித்துச் சமரசத்துக்கு முயல்வார்கள்.

பிற நாட்டில் எப்படி?

இங்கிலாந்தில் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் என்னும் சக்கர வீட்டைப் பழையதாக வாங்கும் வழக்கம் உண்டு. அங்கே 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, கடைக்குப் போகாமல் தொலைபேசியிலோ இணையத்திலோ மட்டும் பேசி வாங்கியிருந்தால், பொருள் வந்து சேர்ந்ததிலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் எனலாம். கடைக்கே சென்று பார்த்து வாங்கினால் அந்த உரிமை இல்லை. ஆனால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் சொன்னபடி இல்லை என்றாலோ குறையுடையது என்றாலோ, 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம். அதற்குப் பின் என்றால் பழுது பார்க்க ஒரு வாய்ப்புத் தர வேண்டும். அங்கும் மனம் மாறியவரையும் ஏமாந்தவரையும் சட்டம் பிரித்தே பார்க்கிறது. நாள் கணக்கு தெளிவாக இருப்பதுதான் வேறுபாடு. நம் சட்டத்தில் "நியாயமான காலம்" என்று மட்டும் இருப்பதால், நாம்தான் விரைந்து செயல்பட வேண்டியிருக்கிறது.

முடிவுரை

எங்கள் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து நாளும் பதில் வரவில்லை. 1915இல் புகார் பதிந்தோம். மூன்றாம் வாரம் கடையிலிருந்து அழைத்து, "இருபத்தைந்தாயிரம் தருகிறோம், முடித்துக்கொள்ளலாம்" என்றார்கள். வட்டி ஏறுகிறதே, வந்தவரை வாங்கிவிடலாம் என்று அப்பா எண்ணினார். ஒரு மாலை முழுவதும் இதைப் பற்றி வீட்டில் பேசினோம். அம்மாதான், "சங்கிலி என்னுது. நான் காத்திருக்கேன்" என்றார். ஆணையத்துக்கான மனுவை எழுதி, அதன் நகலைக் கடைக்கு அனுப்பினோம். இருபத்தாறாம் நாள் ரூ. 30,000மும், நாற்பத்து மூன்றாம் நாள் மீதி ரூ. 10,000மும் வந்து சேர்ந்தன. மனுவைத் தாக்கல் செய்யத் தேவை ஏற்படவில்லை.

நகைக்கடனுக்குக் கட்டிய வட்டியும், அலைந்த நான்கு நாள் கூலியும் போனவை போனவைதான். 75ஆம் பிரிவின்படி அவற்றையும் கேட்டிருக்கலாம். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அது நான் செய்த பிழை. இதைப் படிப்பவர்கள் அந்தப் பிழையைச் செய்ய வேண்டாம்.

அப்பா இன்னும் பிறர் வண்டியைத்தான் ஓட்டுகிறார். ஆனால் அக்கம்பக்கத்தில் யாரேனும் வண்டிக்கோ வீட்டுக்கோ முன்பணம் கொடுக்கப் போனால், "சீட்டை எழுதி வாங்கு, வாங்கினதைப் படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடு" என்று சொல்கிறார். படிக்க முடியாதவர்கள் எங்கள் வீட்டுக்கு எடுத்து வருகிறார்கள். சென்ற மாதம் மட்டும் மூன்று சீட்டுகள் வந்தன. நண்பர்களே, உங்கள் தெருவிலும் அத்தகைய சீட்டுகள் இருக்கும். அவற்றை வாங்கி, மேல் வரியிலிருந்து கடைசிச் சிறிய எழுத்து வரை படித்துச் சொல்லுங்கள். நாம் பெற்ற கல்வியால் நம் வீட்டாருக்கு உடனே செய்யக்கூடிய உதவி அது.